212ஆம் குழாயின் தேதி

11-1-2022, செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய பிரிவுத் தலைவி அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் 6-1-2022 அன்று அனுப்பிய மின்னஞ்சலை நம் மகள் அச்செடுத்து, 9-1-2022 ஞாயிறு காலை என்னிடம் கொடுத்தாள். மின்னஞ்சலுக்குக் கையெழுத்தும் இல்லை, தபால் முத்திரையும் இல்லை. அத்தகைய ஒன்றுக்குப் பதில் எழுதும் கடமை எனக்கு உண்டா என்று இரண்டு நாள் யோசித்தபின் இதை எழுதுகிறேன்.

கொடுக்கும்போது அவள் சொன்னாள்: "அப்பா, இருபத்து மூணு வருஷத்துல அம்மா உங்களுக்கு முதல் தடவையா எழுதியிருக்காங்க. தயவுசெஞ்சு அதுல பிழை பார்க்காதீங்க." நான் பிழை பார்க்கவில்லை. தாங்கள் வீட்டைவிட்டுப் புறப்பட்டது 14-3-1999. ஆகவே, அவள் சொன்ன இருபத்து மூன்று ஆண்டுக்கு அன்றைய நிலவரப்படி இரண்டு மாதமும் ஐந்து நாளும் குறைவு என்று மட்டும் சுட்டிக்காட்டினேன். அவள் கதவைச் சற்று வேகமாகச் சாத்திக்கொண்டு போனாள்.

தாங்கள் கேட்டது: 212ஆம் குழாயில் உறைநிலையில் இருக்கும் பாக்டீரியா எந்தத் தேதியில் சேகரிக்கப்பட்டது என்பது. லேபிளிலும் பதிவேட்டிலும் உள்ளபடி 17-8-1988, புதன்கிழமை, காலை 10.40. இடம், சாய ஆலைக்குக் கீழேயுள்ள கழிவுநீர்க் கால்வாயின் இரண்டாம் மதகு. சேகரித்தவர் தாங்கள். 2009இல் எங்கள் ஆய்வகம் மூடப்பட்டு 601 குழாய்களும் தங்கள் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டபோது, பதிவேடும் உடன் வந்தது. 57ஆம் பக்கம் பார்க்கவும்.

உடல்நலம் சீராக இருக்கும் என நம்புகிறேன்.

இப்படிக்கு,
சேகரிப்பகத்தின் முன்னாள் பொறுப்பாளர்


20-1-2022

அன்புள்ள காலண்டருக்கு,

ஆய்வகத்தில் எல்லோரும் உங்கள் முதுகுக்குப் பின்னால் சொன்ன பெயரை நான் முகத்துக்கு நேரே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பேனா பிடித்து வெகுநாள் ஆயிற்று, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். "நீ"யாகப் புறப்பட்டுப் போனவள் "தாங்கள்" ஆகியிருக்கிறேன். என் பணிக்காலத்தில் இவ்வளவு பெரிய பதவி உயர்வு எனக்குக் கிடைத்ததே இல்லை.

தேதிக்கு நன்றி. எதற்குக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். நம் 601 குழாய்களின் முழு மரபணுவையும் இங்கே எழுத்தெழுத்தாகப் படித்து முடித்துவிட்டோம். 212இல் ஒரு பிளாஸ்மிட் இருக்கிறது, மரபணுக்களைச் சுமக்கும் சின்ன டி.என்.ஏ. வளையம். உங்கள் காலத்தில் ஜெல்லில் ஒரு கோடாக மட்டும் தெரிந்ததே, அதே வளையம்தான். குரோமோசோமோடு ஒட்டாமல் தனியே சுற்றிக்கொண்டு, தெருவில் வீட்டுக்கு வீடு கைமாறும் ஏணி மாதிரி ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருக்கும். கொடுத்தது திரும்பக் கேட்காது. இந்த வளையத்தில் தாமிரத்தைத் தாங்கும் மரபணுக்கள் இருக்கின்றன, சாயக் கழிவில் அது எதிர்பார்த்ததே. ஆனால் பக்கத்திலேயே ஒரு மருந்தை முறியடிக்கும் மரபணுவும் இருக்கிறது. அந்த மருந்து விற்பனைக்கு வந்ததே 1991இல்தான். மருந்து வருவதற்கு மூன்று வருடம் முன்பே அதற்கான எதிர்ப்பு ஒரு சாக்கடையில் கைமாறத் தயாராகச் சுற்றிக்கொண்டிருந்தது என்பதுதான் எங்கள் கட்டுரை. ஜூனில் ஓய்வு பெறுகிறேன். இது என் கடைசிக் கட்டுரை, இருப்பதில் நல்லதும் இதுதான்.

ஒரே ஓர் உறுத்தல். என் ஆராய்ச்சி மாணவிக்கு மூளை கொஞ்சம் அதிகம். 212ஐயும், அதே மதகில் நீங்கள் 1996இல் எடுத்த 340ஐயும் ஒப்பிட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"மேடம், அம்பது லட்சம் எழுத்துல ரெண்டே ரெண்டுதான் வித்தியாசம். எட்டு வருஷம் கால்வாய்ல கிடந்தது இவ்வளவு ஒழுங்காவா இருக்கும்? அந்த 1988 நிஜந்தானா?"

"எழுதினது யார்னு தெரியுமா?" என்றேன். "நான் அனுப்பின விவாகரத்து மனுவுல கல்யாணத் தேதி ஒரு நாள் தப்பா இருக்குன்னு, திருத்தி அனுப்பச் சொல்லித் திருப்பி அனுப்பினவர். நான் திருத்தவே இல்ல. அதனால இன்னிக்கு வரைக்கும் எனக்கு விவாகரத்து ஆகல. அந்த மனுஷன் தேதி தப்பாப் போடுவாரா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். இருந்தாலும், இவ்வளவு குறைவான மாற்றத்துக்கு உங்களுக்குக் காரணம் ஏதும் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
பதவி உயர்வு பெற்றவள்


2-2-2022, புதன்கிழமை

மதிப்பிற்குரிய தலைவி அவர்களுக்கு,

தங்கள் 20-1-2022 தேதியிட்ட கடிதம் 24-1-2022 திங்கள் பிற்பகல் கிடைத்தது. உடனே பதில் எழுதாமைக்குக் காரணம், மாடிக்குக் குடிவந்தவர்கள் தண்ணீர்க் குழாயை இரவு பகலாகச் சொட்டவிட்டு, என் சமையலறைக் கூரையில் ஈரம் பரவச் செய்துவிட்டதுதான். 25ஆம் தேதி முதல் 31ஆம் தேதி வரை அதற்காக ஐந்து முறை படியேறினேன். முழங்கால் இப்போது தனியாகப் புகார் செய்கிறது.

மாணவியின் ஐயத்துக்கு வருகிறேன். சேற்றில் உணவு குறைவாக உள்ள ஆழத்தில் பாக்டீரியா மிக மெதுவாகவே பெருகும். மெதுவாகப் பெருகினால் மாற்றமும் குறையும். அவ்வாறு நேர்வது முடியாத காரியம் அன்று. லேபிளில் உள்ள தேதி 17-8-1988 என்பதை மீண்டும் உறுதி செய்கிறேன்.

எனினும், கட்டுரையை அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம் என்பது என் பணிவான ஆலோசனை. நல்ல கட்டுரை சிறிது காத்திருந்தால் கெட்டுவிடாது.

மனுவைப் பற்றி: தாங்கள் குறிப்பிட்டிருந்தது 11ஆம் தேதி. நம் திருமணம் 10ஆம் தேதி நடந்தது.

இப்படிக்கு,
முன்னாள் பொறுப்பாளர்


15-2-2022

அன்புள்ள காலண்டருக்கு,

காத்திருக்கச் சொன்னீர்கள். உங்கள் கடிதம் வருவதற்கு முந்தைய நாளே அனுப்பிவிட்டேன். இதழிலிருந்து பதிலும் அதிசயமாகப் பத்தே நாளில் வந்துவிட்டது. ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டு நிபந்தனை மட்டும்.

முதலாவது, சேகரித்த தேதிக்கு அன்றைய பொறுப்பாளரின் கையெழுத்திட்ட சான்று வேண்டும். படிவம் இத்துடன் இருக்கிறது. ஒரே பக்கம்தான், உங்களுக்குப் பிடித்த மாதிரி நிறையக் கட்டங்கள்.

இரண்டாவது, என்னைப் பற்றியது. மதிப்பீட்டாளர் ஒருவர் என் பழைய குறிப்பேட்டின் பிரதியைக் கேட்டு வாங்கிப் படித்திருக்கிறார். அதில் 212ஐப் பற்றி 1988இல் நான் "42 டிகிரியில் வளரவில்லை" என்று எழுதி, பின்னால் அதை ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறேன். ஏன் அடித்தீர்கள் என்கிறார். மாணவி எனக்குச் சொல்லாமலே 212ஐ 42இல் வைத்துப் பார்த்துவிட்டாள். காலையில் தட்டு முழுக்க வளர்ந்து நிற்கிறது.

"அப்போ உங்க குறிப்பு தப்பா மேடம்?"

"தப்புதான். அப்பவே சொன்னாங்க. அதான் அடிச்சிருக்கேன்."

"நீங்களா மேடம்? நீங்க ஒரு தட்டை மூணு தடவை பார்க்குற ஆளாச்சே!"

"அதுக்கு அப்புறந்தான் மூணு தடவை."

எனவே கட்டுரையின் அடிக்குறிப்பில் "முதல் ஆசிரியரின் 1988ஆம் ஆண்டுக் குறிப்பு பிழையானது" என்று ஒரு வரி சேர்க்கிறோம். அந்த வரியும் சான்றுப் படிவத்திலேயே இருக்கிறது, அதன் கீழேதான் நீங்கள் கையெழுத்திட வேண்டும். இளமையில் செய்த கவனக்குறைவை ஓய்வு பெறும் வயதில் அச்சில் ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. பரவாயில்லை.

மாணவி இன்னொன்றும் சொன்னாள்: "மேடம், அவர் ரெண்டு கடிதத்துலயும் 'லேபிள்ல உள்ள தேதி'ன்னுதான் எழுதுறார். 'எடுத்த தேதி'ன்னு எழுதவே இல்ல." அதுதான் அவர் பேசும் முறை என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

மார்ச் 15க்குள் படிவம் வந்தால் போதும். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், படியேறிச் சண்டை போடாதீர்கள்.

அன்புடன்,
பிழையான குறிப்பின் சொந்தக்காரி


9-3-2022, புதன்கிழமை

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதம் 18-2-2022 வெள்ளியன்று கிடைத்தது. பத்தொன்பது நாட்களாகப் படிவம் மேசைமேல் இருக்கிறது. அதை நிரப்பாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். குறுக்கே "சான்றளிக்க இயலாது" என்று எழுதி, கையெழுத்திட்டு, தேதி போட்டிருக்கிறேன்.

உன் குறிப்பில் பிழை இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். 1996 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நீ பயிற்சிக்காக வெளியூரில் இருந்தாய். 8-5-1996 புதன்கிழமை மாலை 4.10க்கு, பனிக்கட்டியைச் சுரண்டி எடுப்பதற்காக ஃப்ரீசரை அணைத்தேன். அன்று காலை உன்னிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அதில் நீ தேதி போடவில்லை. கட்டி இளகும்வரை காத்திருந்த நேரத்தில், தேதி இல்லாத கடிதத்தால் விளையும் தீமைகளை விளக்கி உனக்கு நான்கு பக்கம் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்து, உறையிலிட்டு, தபால் நிலையம் மூடுவதற்குள் சேர்க்க வேண்டும் என்று ஓடினேன். ஃப்ரீசரைத் திரும்பப் போடவில்லை. அடுத்த நான்கு நாட்கள் விடுமுறை. 13-5-1996 திங்கள் காலை கதவைத் திறந்தபோது தரையெல்லாம் தண்ணீர்.

அன்றிருந்த 339 குழாய்களையும் ஒவ்வொன்றாக வளர்த்துப் பார்த்தேன். 338 உயிரோடு இருந்தன. ஒன்று மட்டும் வளரவில்லை. அது 212. நீ உன் கையால் பிரித்தெடுத்த முதல் பாக்டீரியா அது என்பதும், அதன் தட்டை என்னிடம் நீட்டியபோது உன் முகம் எப்படி இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

உனக்குச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக மே 21, 24, 28 ஆகிய தேதிகளில் அந்த மதகுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். ஜூன் 4, செவ்வாய், நான்காம் முறை எடுத்த சேற்றிலிருந்து, அதே மஞ்சள் நிறத்தில், அதே அளவு தாமிரத்தைத் தாங்கும் ஒன்று கிடைத்தது. அதைப் புதுக் குழாயில் இட்டு, 212 என்றும் 17-8-1988 என்றும் என் கையால் எழுதி ஒட்டினேன். அதே தட்டில் பக்கத்திலேயே இன்னொரு திட்டு வளர்ந்திருந்தது. அதைக் கொட்டிவிட மனம் வரவில்லை. கிடைத்த ஒன்றைப் பதியாமல் விடுவது முறையல்ல என்று தோன்றியது. அதை 340 என்று சரியான தேதியிட்டுப் பதிந்தேன். ஒரே கையால், ஒரே மணிநேரத்தில், ஒரே மேசையில். உன் மாணவி கண்ட இரண்டு எழுத்து வித்தியாசம் அதுதான். கெட்டிக்காரி.

இதுவரை எழுதியது ஒரு பொறுப்பாளரின் குற்றம். இனி எழுதுவது வேறு.

நீ திரும்பி வந்து 212ஐ வளர்த்தாய். 6-9-1996 வெள்ளி, வாராந்தரக் கூட்டத்தில் எழுந்து நின்று, "இது என்னோடது இல்ல. என்னோடது நாப்பத்திரெண்டுல வளராது" என்றாய். ஒன்பது பேர் இருந்தார்கள். நான் சொன்னேன், "டியூப் தானா மாறாது. எழுதினவங்கதான் கவனிச்சு எழுதியிருக்கணும்." நீ குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தாய். பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டாய். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாய்: "நிஜமாவே நான் பார்க்காமலா எழுதியிருப்பேன்?" நான் சொன்ன பதில்: "விடு, எல்லாருக்கும் வர்றதுதான்."

உன்னை ஆறுதல்படுத்துவதாக அப்போது நினைத்துக்கொண்டேன்.

பிறகு நீ சோறு வடித்தாலும் கதவைப் பூட்டினாலும் திரும்பிப் போய்ப் பார்க்க ஆரம்பித்தாய். அது உன் இயல்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ போன பிறகும் அப்படியே சொல்லிக்கொண்டேன். "அதுக்கு அப்புறந்தான் மூணு தடவை" என்ற உன் வரியைப் படிக்கும்வரை.

கட்டுரை போய்விடும் என்று தெரியும். மீதி 600 குழாய்களிலும் தேதி சரியானதே. ஆனால் என் சொல்லுக்கு இப்போது என்ன மதிப்பு என்பதை நீதான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள். நான் கூட்டத்தில் வைத்துச் சொன்னேன். எனவே இந்தக் கடிதத்தையும் உங்கள் கூட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அதுவே முறை.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதி இரண்டு முறை அடித்துவிட்டேன். கேட்கும் தகுதி இருப்பவர்கள் எழுத வேண்டிய சொல் அது.

இப்படிக்கு,
212ஐ எழுதியவன்


29-3-2022, செவ்வாய்க்கிழமை

அன்புள்ளவளுக்கு,

என் 9-3-2022 தேதியிட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. பதிலை எதிர்பார்த்து இதை எழுதவில்லை. அதில் ஒரு திருத்தம் இருக்கிறது.

6-9-1996 கூட்டத்தில் ஒன்பது பேர் இருந்ததாக எழுதியிருந்தேன். பழைய வருகைப் பதிவு என் அலமாரியில் கிடைத்தது. உன்னையும் என்னையும் சேர்த்துத்தான் ஒன்பது. ஆகவே கேட்டவர்கள் ஏழு பேர். படிக்கும்போது சரியாகப் படிக்க வேண்டும் அல்லவா?

மகள் 27ஆம் தேதி வந்தாள். எல்லாவற்றையும் அவளிடமும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அம்மா அடுப்பை அணைச்சுட்டுத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பாங்களே, நாம ரெண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போமே அப்பா" என்றாள். நான் சிரித்த நாட்களுக்கு என்னிடம் பதிவு இல்லை.

இப்படிக்கு,
நான்


4-4-2022

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. முதலாவதை நான் உடனே முழுவதும் படிக்கவில்லை. "உன் குறிப்பில் பிழை இல்லை" என்ற வரிவரை படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். மீதியைப் படிக்க நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் எதையும் இரண்டாம் முறை பார்க்காமல் இருந்து பார்த்தேன். வீட்டில் ஒன்றும் தீப்பிடிக்கவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். மாணவிதான் உடைந்துபோனாள்.

"அப்போ நம்ம பேப்பர் போச்சா மேடம்?"

"போச்சு."

"அவர் மேல உங்களுக்குக் கோபமே வரலையா?"

"வரிசையில நிக்குது. அதுக்கு முன்னாடி வேற நிறைய நிக்குது."

இரண்டே நாளில் அவளே வேறு யோசனையோடு வந்தாள். மருந்து வந்து ஐந்தாவது வருடத்திலேயே எதிர்ப்பு அந்தக் கால்வாயை எட்டி, தாமிர மரபணுவோடு ஒரே வளையத்தில் உட்கார்ந்துவிட்டது என்று எழுதலாமாம். சின்னக் கட்டுரை, ஆனால் நடந்தது. அவள்தான் முதல் ஆசிரியர். இந்த முறை அடிக்குறிப்பு கிடையாது.

1988இன் பாக்டீரியா போய்விட்டது. அதன் வளையத்தில் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதைப் பற்றி உலகத்தில் மிச்சமிருப்பது என் குறிப்பேட்டில் அடிக்கப்பட்ட அந்த ஒரு வரிதான். கோட்டுக்கு அடியில் நன்றாகவே படிக்க முடிகிறது.

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் படிக்கச் சொன்னீர்கள். நான் படிக்கவில்லை. இங்கே கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் 1996இல் பிறக்கவே இல்லை. அன்று கேட்ட ஏழு பேரில் யாருக்கும் அது ஞாபகம்கூட இருக்காது. அது யார் காதில் விழ வேண்டுமோ அவள் காதில் விழுந்துவிட்டது. முறை என்று இன்னொன்றைக் கிளப்பாதீர்கள்.

நீங்கள் அந்தச் சொல்லை அடித்துவிட்டது நல்லதுதான். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. என்னையே நான் நம்பாமல் வாழ்ந்த இருபத்தைந்து வருடத்தை யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. இந்த வயதில் கத்துவதற்கும் தெம்பு இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஃப்ரீசரை மறந்ததாக அன்றே சொல்லியிருந்தால் ஒரு வாரம் சண்டை போட்டிருப்பேன். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

இப்போது வேலை. மீதி 600 குழாய்களில் தேதி சரி என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நம்பவில்லை. உங்கள் வார்த்தையை நம்பாமல் இருப்பது எனக்குப் புதிது, பழகிக்கொண்டிருக்கிறேன். வேறு ஊர்களில் பலர் நம் குழாய்களை வாங்கி ஆய்வு செய்திருக்கிறார்கள், அவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றையும் பதிவேட்டோடும் மரபணுவோடும் ஒத்துப் பார்க்காமல் ஓய்வு பெறுவதில்லை என்று இயக்குநரிடம் சொல்லி, பணி நீட்டிப்பும் வாங்கிவிட்டேன். அந்தப் பதிவேட்டில் நீங்கள் போட்டிருக்கும் சுருக்கக் குறிகள் இங்கே ஒருவருக்கும் புரியவில்லை. எனக்கே பாதிதான் புரிகிறது.

ஆகவே நீங்கள் வர வேண்டும். நாளுக்கு எட்டுக் குழாய், எழுபத்தைந்து வேலை நாள். நிறுவனத்தின் விடுதியில் தரைத்தளத்தில் ஓர் அறை சொல்லியிருக்கிறேன், படியேற வேண்டியதில்லை. என் வீட்டில் அல்ல. தினமும் காலை பத்து மணிக்குப் பதிவேட்டு அறையில் இருங்கள். நீங்கள் பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படியுங்கள். நீங்கள் சொல்வதைக் கேட்டு அப்படியே எழுதிக்கொள்வது இனி என்னால் ஆகாது. பக்கத்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு நானும் பார்ப்பேன்.

இப்படிக்கு,
212ஐ எடுத்தவள்